திரும்பி வந்த இசைத்தட்டு நிலைக்குமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் உங்கள் மகள் முதல் போனஸில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ரெக்கார்டு பிளேயர் வாங்கப்போவதாகச் சொல்கிறாள். இந்த இசைத்தட்டு மோகம் நாலைந்து வருடத்தில் அடங்கிப் பணம் வீணாகிவிடுமோ என்பது முதல் கேள்வி. உங்கள் மாமனார் விட்டுச்சென்று பரணில் கிடக்கும் இரண்டு பெட்டிப் பழைய தட்டுகளை விலை இருக்கும்போதே விற்றுவிடலாமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இசைத்தட்டு இனி மறையாது, ஆனால் இப்போது இருக்கும் அளவைத் தாண்டிப் பெரிதாக வளரவும் செய்யாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது நிற்பதற்கு இருக்கும் காரணங்களில் பாதி சென்னையில் இல்லை. இங்கே அது நிற்குமா என்பது, நம்முடைய பாட்டை யாராவது புதிதாகத் தட்டில் அச்சிட்டு, வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் யோசிக்காமல் வாங்கக்கூடிய விலைக்குத் தருவார்களா என்பதைப் பொறுத்தது.

இதைச் சொல்ல எனக்குள்ள உரிமை சிறியது. அப்பா பெரம்பூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் வார்ப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் ஆம்ப்ளிஃபையரையும் தட்டுப் பெட்டியையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டுவார். பள்ளி விடுமுறைகளில் தட்டு மாற்றுவது என் வேலை. பிற்பாடு மின்னணுவியல் படித்தேன். பழைய ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்ப்பதும் தட்டு சேர்ப்பதும் முப்பது வருடப் பழக்கமாகிவிட்டது. ஆகவே எனக்கு இதில் பாசம் உண்டு. அந்தப் பாசத்தைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் இந்த விஷயத்தில் பேச்சு பெரிதாகவும் கணக்கு சிறிதாகவும் இருக்கிறது. நம்பத்தக்க புள்ளிவிவரம் தொடர்ச்சியாகக் கிடைப்பது அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கத்திடமிருந்துதான். 1970களின் பிற்பகுதியில், எல்பி என்ற நீண்டநேர இசைத்தட்டு உச்சத்தில் இருந்தபோது, அந்நாட்டில் ஆண்டுக்கு 30 கோடிக்கும் மேல் தட்டுகள் விற்றன. 2006 வாக்கில் அது பத்து லட்சத்துக்கும் கீழே போயிற்று. அன்றைக்கு யாராவது இறுதிச் சடங்கு நடத்தியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து ஏறத் தொடங்கி, 2020இல் வருவாயில் சிடியைத் தாண்டி, 2022இல் எண்ணிக்கையிலும் தாண்டி, 2024இல் சுமார் 4.4 கோடி தட்டுகள் விற்று 140 கோடி டாலர் ஈட்டியது. 1987க்குப் பிறகு முதல்முறையாகத் தட்டு சிடியைவிட அதிக எண்ணிக்கையில் விற்றது என்ற 2022ஆம் ஆண்டுச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஆனால் இதே கணக்கை இன்னொரு முறை, மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பது போலப் பாருங்கள். 4.4 கோடி என்பது பழைய உச்சத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். 2024இல் அமெரிக்க இசைப்பதிவு வருவாயில் 84 விழுக்காடு இணையவழிக் கேட்பிலிருந்து வந்தது. தட்டின் பங்கு நூற்றுக்கு எட்டு. சிடியை வென்றது என்பதில் பாதி, சிடி விழுந்தது என்பதுதான். முக்கியமாக, 2021இலேயே விற்பனை ஏறக்குறைய 4 கோடியைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் நாற்பது லட்சத்துக்குக் குறைவாகத்தான் கூடியிருக்கிறது. வருவாய் தொடர்ந்து ஏறுவதற்கு விலை ஏறியதும் ஒரு காரணம். மலை ஏறியவர் சமவெளியில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். அவர் விழப்போகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏறிக்கொண்டே இருப்பார் என்று நம்பி யாரும் கடை போட வேண்டாம் என்றுதான் பொருள்.

வாங்குகிறவர்கள் யார் என்பது இதைவிடச் சுவையான கேள்வி. பழைய நினைவில் ஏங்கும் முதியவர்கள்தான் வாங்குகிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியானால் அவர்களோடு இந்த மோகமும் போய்விட வேண்டும். ஆனால் அமெரிக்காவில் தட்டு வாங்குகிறவர்களில் கணிசமானோர் எல்பி காலத்தில் பிறந்தே இராதவர்கள். அதைவிட வியப்பான செய்தி, 2022ஐ ஒட்டி அங்கே எடுக்கப்பட்ட ஒரு சந்தை ஆய்வில், தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் ரெக்கார்டு பிளேயரே இருந்தது. மீதிப் பாதி, போட்டுக் கேட்க வழியில்லாத பொருளைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்டதும் என் நண்பர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு அது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றவில்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே கூட்டம் முண்டியடித்துக் கொலுப் பொம்மை வாங்குகிறது. அந்தச் செட்டியார் பொம்மையை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்வதில்லை. வருடத்தில் ஒன்பது நாள் படியில் வைக்கிறோம், வந்தவர்களுக்குக் காட்டுகிறோம், பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம், அடுத்த வருடம் இன்னொன்று வாங்குகிறோம். பயன்படாத பொருள் என்பதால் கொலுப் பொம்மை வணிகம் படுத்துவிடவில்லை. மேல்நாட்டு நிறுவனங்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. 2022இல் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஒரே தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றது. அது நான்கு வெவ்வேறு அட்டைகளில் வந்தது, நான்கின் பின்பக்கங்களையும் சேர்த்துவைத்தால் ஒரு கடிகார முகம் கிடைக்கும். இது முழுக்க முழுக்கக் கொலுப்படிக் கணக்கு. 2008 முதல் ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் ஏப்ரலில், ரெக்கார்டுக் கடைகளுக்கென்று ஒரு நாளைக் குறித்து, அன்று மட்டும் கிடைக்கும் பதிப்புகளை வெளியிடுவதும் ஏறக்குறைய ஒரு பண்டிகைதான்.

ஆகவே, மேல்நாட்டில் தட்டு நிலைப்பதற்கு முதல் காரணம், பாட்டைக் கேட்பதற்கான கருவி என்ற பொறுப்பிலிருந்து அது விடுபட்டுவிட்டது என்பதே. கேட்பதற்குக் கைப்பேசி இருக்கிறது. எதனோடும் போட்டி போட வேண்டியிராத ஒரு பொருளைப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வீழ்த்த முடியாது. ஊற்றுப்பேனாவின் கதையும் இதுதான்: தேர்வு எழுதப் போகும் பிள்ளை எவரும் இன்று அதை எடுத்துப் போவதில்லை, ஆனாலும் பாரிமுனையில் நிப்பும் மையும் இன்றும் விற்கின்றன. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரலாம். ஒரே தொகுப்பை எட்டு நிறத்தில் விற்றால் ரசிகர் ஒருநாள் சலித்துப்போவார். நாற்பது டாலருக்கு விற்றால் இன்னும் சீக்கிரம் சலித்துப்போவார்.

ஒலித்தரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் உங்கள் மகள் என்னை மன்னிக்க மாட்டாள். தட்டின் ஒலி சிடியைவிட உயர்ந்தது என்பது, அளந்து பார்த்தால், உண்மையில்லை. மிக மெல்லிய ஓசைக்கும் மிக உரத்த ஓசைக்கும் இடையிலான தூரம் சிடியில் 96 டெசிபெல். நல்ல தட்டில் 70 டெசிபெலை எட்டினாலே பெரிது. கீழ்சுரங்களை அப்படியே வெட்டினால் தட்டில் ஒலியைச் சுமக்கும் பள்ளம் அகன்று இடம் போதாது என்பதால் அவற்றைத் தணித்தும், மேல்சுரங்களை ஏற்றியும் வெட்டுகிறார்கள். நம் வீட்டில் பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே இருக்கும் ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. இந்த அளவுமுறையை 1954 வாக்கில்தான் எல்லா நிறுவனங்களும் பொதுவாக ஏற்றுக்கொண்டன. இன்னொரு குறை, தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் முள்ளுக்குக் கீழே வினாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது என்றால், உள்ளே லேபிளுக்கு அருகில் 20 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடகியின் ‘ச’வும் ‘ஸ’வும் சீறுகின்றன. பாட்டை வரிசைப்படுத்தியவர் கெட்டிக்காரராக இருந்தால் அந்த இடத்தில் மெதுவான பாட்டு ஒன்றை வைத்திருப்பார்.

அப்படியிருந்தும் ஒரு பழைய தட்டு அதே பாட்டின் சிடியைவிட இனிமையாக ஒலிப்பதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அது பிரமை இல்லை. 1990களுக்குப் பிறகு சிடிக்கும் இணையத்துக்கும் மறுபதிப்பு செய்தபோது எல்லாவற்றையும் உரக்க ஒலிக்கச் செய்ய வேண்டும் என்ற வெறியில் பாட்டை நசுக்கிவிட்டார்கள். மெல்லிய இடமும் வலிய இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. பழைய தட்டு அந்த வெறி வருவதற்கு முன்பே வெட்டப்பட்டது என்பதால் தப்பித்தது. ஆக, பாராட்டு போக வேண்டியது தட்டுக்கு அல்ல, அதற்காகப் பதிவைத் தயார்செய்த பொறியாளருக்கு. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது: கணினியே தொடாத, மூல நாடாவிலிருந்து நேராக வெட்டிய தட்டு என்று நம்பி ரசிகர்கள் பெருவிலை கொடுத்து வாங்கிவந்த மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பல தட்டுகள், இடையில் டிஜிட்டல் வழியாக வந்தவைதான் என்று 2022இல் வெளிப்பட்டது. அதுவரை எவருடைய காதும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கோபம் வந்ததே தவிர, விற்பனை படுக்கவில்லை. ஒலியை நம்பி மட்டும் இந்தச் சந்தை நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது, யாரும் அதிகம் பேசாத இன்னொன்றைப் பற்றி. தட்டு ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதலில் அலுமினியத் தகட்டின் மீது லாக்கர் என்ற மென்பூச்சு பூசிய மூலத்தட்டு வேண்டும். அதில் பள்ளம் வெட்டும் கடைசல் இயந்திரம் வேண்டும். வெட்டியதன் மீது வெள்ளி தெளித்து நிக்கல் முலாம் ஏற்றி அச்சுத்தகடு எடுக்க வேண்டும். அந்தத் தகட்டை நீராவியில் சூடாகும் அச்சு இயந்திரத்தில் பொருத்தி, இளகிய பிவிசி பிளாஸ்டிக் உருண்டையை நடுவில் வைத்து அழுத்த வேண்டும். ஓர் அச்சுத்தகடு ஆயிரம் தட்டு வரை தாங்கும், பிறகு மழுங்கும். இந்தச் சங்கிலியில் மூலத்தட்டைச் செய்துவந்தவை உலகிலேயே இரண்டு நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றான கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. அதன்பின் பாரம் முழுவதும் ஜப்பானில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் தலையில் விழுந்தது. வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலானவை 1980களுக்கு முன்பு செய்தவை. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கும் அதற்கேற்ற வயதாகிவிட்டது.

முள்ளும் அப்படித்தான். மோகம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த 2018இல், பல பத்தாண்டுகளாகக் கார்ட்ரிட்ஜும் (முள்ளைத் தாங்கும் தலை) முள்ளும் செய்துவந்த ஷூர் நிறுவனம் அந்தத் தொழிலையே கைவிட்டது. நேர் எதிரான செய்திகளும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும்: 2010இல் நிறுத்திய எஸ்எல்-1200 டர்ன்டேபிளை (தட்டைச் சுழற்றும் பிளேயர்) டெக்னிக்ஸ் 2016இல் மீண்டும் செய்யத் தொடங்கியது, 1989இல் தட்டு அச்சிடுவதை நிறுத்திய சோனி, ஜப்பானில் மறுபடி அச்சிடப்போவதாக 2017இல் அறிவித்தது, செக் நாட்டு ஜிஇசட் மீடியா மேலும் மேலும் விரிவடைந்து உலகின் மிகப்பெரிய அச்சகமாக இருக்கிறது. இவ்வளவு முதலீடு செய்தவர்கள் ஐந்து வருடத்தில் கதவை அடைக்க மாட்டார்கள். என் கணிப்பில் ‘மறையாது’ என்று உறுதியாகச் சொன்னதற்கு முதன்மையான காரணம் இந்த இயந்திரங்கள்தான், இளைஞர்களின் ஆசை அல்ல. ஆசைக்கு ஆயுள் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

இனி சென்னைக்கு வருவோம். இசைத்தட்டு இந்த ஊருக்குப் புதிதும் இல்லை, இரவலும் இல்லை. ஏவி. மெய்யப்பர் படமெடுக்கப் புகுவதற்கு முன்பு மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்துத் தட்டு வணிகம் செய்தவர். நிமிடத்துக்கு 78 முறை சுற்றி, மூன்று நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும் அந்தத் தட்டுக்காக, ஆலாபனையைச் சுண்டக் காய்ச்சி ராகத்தின் முகத்தை இருபது வினாடியில் காட்டக் கற்றுக்கொண்டார்கள் நம் வித்வான்கள். அந்தத் தட்டுகளுக்கான அரக்கும் பெருமளவு நம் நாட்டுச் சரக்குதான். பிறகு எல்பி வந்தது. 1963இல் வெளியான எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டு, பிளேயர் இருந்த வீட்டிலெல்லாம் இருந்தது என்று சொல்லலாம். இளையராஜாவின் காலம் 1976இல் தொடங்கியபோது, தட்டுக்கு இங்கே ஏறத்தாழ பதினைந்து ஆண்டு வாழ்க்கை மிச்சமிருந்தது. 1980களில் சென்னையின் எக்கோ நிறுவனம் வெளியிட்ட அவருடைய தட்டுகளைத்தான் இன்று எல்லோரும் தேடுகிறார்கள். அதற்குள் கேசட் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. வேண்டிய பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் பதிந்து தரும் கடை தெருவுக்குத் தெரு முளைத்தது. ஏ.ஆர். ரஹ்மானின் தலைமுறை கேசட்டிலும் சிடியிலும் வளர்ந்த தலைமுறை. ஆகவே இன்று நாற்பது வயதுக்குக் கீழிருக்கும் சென்னைக்காரருக்குத் தட்டு, மறந்துபோன பழைய நினைவு அல்ல. முதன்முறையாகப் பார்க்கும் புதுப் பொருள்.

கேசட் வந்தபோது அப்பா தட்டுகளை எடைக்குப் போட்டார். மிஞ்சிய சிலவற்றை அத்தை வெந்நீரில் காட்டி, இளகியதும் விளிம்பை அலை அலையாக மடித்து, பிளாஸ்டிக் ரோஜா வைக்கும் கிண்ணம் செய்தார். அந்தக் கிண்ணங்களில் ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது. லேபிளில் எங்கள் கடையின் ரப்பர் முத்திரையும், பெயின்டால் எழுதிய 114 என்ற எண்ணும் தெரிகின்றன. அப்படி முத்திரை குத்திய தட்டு உங்கள் மாமனாரின் பெட்டியில் இருந்தால், ஆயிரம் ரூபாய் கேட்கும் முன் இருமுறை யோசியுங்கள். சவுண்ட் சர்வீஸ் தட்டு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஓடியது. மேடை அதிர்ந்து முள் துள்ளாமல் இருக்க முள்ளின் தலைமீது பத்துப் பைசா நாணயத்தைப் பசை நாடாவால் ஒட்டிவைப்போம். அந்தக் கனத்தில் பள்ளத்தின் சுவர் உழவு மண் போல ஆகியிருக்கும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் நாகஸ்வரம் வரும் இடத்தில் கரகரக்கும்.

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபிறகு பழைய புத்தகக்காரர்களும் தட்டு வியாபாரிகளும் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே போனால் இந்த மறுமலர்ச்சியின் உண்மையான வடிவம் தெரியும். வியாபாரி உறையிலிருந்து தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே விளிம்பில் பிடித்து எடுத்து, குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துக் காட்டுவார். சாம்பல் நிறத்தில் வட்டவட்டமாகப் பூசணம் தெரியும், உறையில் ஈரமும் நாப்தலினும் கலந்த வாடை வரும். ‘கழுவினா போயிடும் சார்’ என்பார், பாதி உண்மை. 2000களின் தொடக்கத்தில் ஐம்பது ரூபாய்க்கு நான் பேரம் பேசி வாங்கிய இளையராஜா எல்பி இன்று ஆயிரங்களில் போகிறது. காரணம் எளிது: வாங்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், தட்டு ஒன்றுகூடக் கூடவில்லை. அந்நாளைய ஆலைகள் அச்சிட்டது எவ்வளவோ அவ்வளவுதான். அதிலும் பாதி எடைக்குப் போயிற்று, கால்வாசி என் அத்தை போன்றவர்கள் கையில் கிண்ணமாயிற்று. தீர்ந்துகொண்டிருக்கும் சரக்கைச் சுற்றி நடக்கும் ஏலத்தை மறுமலர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை மாற்றக்கூடியது புதிய அச்சு மட்டுமே. அதில் ஒரு நல்ல செய்தி, 2024இல் மும்பையில் ஒரு தனியார் ஆலை தட்டு அச்சிடத் தொடங்கியிருப்பது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தட்டு மீண்டும் இந்தியாவிலேயே பிறக்கிறது. இறக்குமதியாகும் புதிய எல்பிக்கு மூவாயிரம், நாலாயிரம் என்று கொடுத்துக்கொண்டிருக்கும் வரை இது சிலரின் பொழுதுபோக்காக மட்டுமே இருக்கும். நானே ஒருமுறை அப்படிப் பெருவிலை கொடுத்து இணையத்தில் ஒரு தட்டு தருவித்தேன். சித்திரை வெயிலில் வண்டியில் கிடந்து அப்பளமாக நெளிந்து வந்தது, விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். பாதி விலைக்கு இங்கேயே கிடைத்தால் கதை மாறும்.

ஆனால் எந்தப் பாட்டை அச்சிடுவது? இங்கேதான் முடிச்சு. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும்; பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்கள் மறைவுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் தொடரும். எல்லோரும் தேடும் இளையராஜா பாடல்கள் பலவற்றின் உரிமை யாருக்கு என்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்திருக்கிறது. மூல நாடாக்களிலும் சென்னையின் ஈரம் சும்மா இருந்திருக்காது. நாடா கெட்டுப்போய், இணையத்தில் இருக்கும் நசுங்கிய கோப்பிலிருந்தே எடுத்துத் தட்டில் அச்சிட்டு, வண்ண உறை போட்டு விற்றார்கள் என்றால், அதற்குக் கைப்பேசியே போதும். கர்நாடக சங்கீதத்தில் உரிமைச் சிக்கல் குறைவு, ஆனால் வேறொரு சங்கடம் உண்டு: ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்பது சினிமாப் பாட்டுக்குச் சரி, விரிவான ராகம் தானம் பல்லவிக்கு நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். மார்கழிக் கச்சேரியை எல்பியில் போடச் சொல்லும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆக, அடுத்த பத்தாண்டுகளில் இரண்டில் ஒன்று நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். உரிமை முடிச்சு அவிழ்ந்து, நல்ல நாடாவிலிருந்து கவனமாகச் செய்த தமிழ்த் தட்டுகள் ஆயிரத்தைந்நூறு ரூபாய் அளவில் வருமானால், சென்னையில் சில ஆயிரம் வீடுகளில் இது ஊன்றிக்கொள்ளும். சில ஆயிரம் போதும், ஓர் அச்சுத்தகடு ஆயிரம்தானே தாங்கும். வராவிட்டால், பழைய சரக்கு சேகரிப்பாளர்களின் அலமாரிகளுக்குள் போய் முடங்கி, இளைஞர்கள் ஆங்கிலத் தட்டுகளோடு கொஞ்ச காலம் விளையாடிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உலகத்தில் தட்டு இருக்கும், நம் பாட்டு அதில் இருக்காது. எது நடக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், முதலாவதன் பக்கம் கட்டுவேன், ஆனால் சிறிய தொகைதான்.

உங்கள் மகள் தாராளமாக வாங்கட்டும். நாற்பதாயிரத்துக்கு வாங்கும் நல்ல டர்ன்டேபிள் இருபது வருடம் உழைக்கும். பெல்ட்டும் முள்ளும்தான் தேயும். சூட்கேஸ் வடிவத்தில் அழகாக வரும் ஐந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்: அதன் முள் ஐந்தாறு கிராம் கனத்தோடு அழுத்தும், இரண்டு கிராமே போதும் என்றிருக்க, எங்கள் பத்துப் பைசா நாணயத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. முள் ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரம் வரை வரும் என்பதால், வாங்கும்போதே மாற்று முள் ஒன்றையும் வாங்கிவைத்துவிட்டால் பின்னால் அலைய வேண்டாம்.

மாமனாரின் தட்டுகளில், தடித்துக் கனமாக, கீழே போட்டால் உடையும் 78கள் இருந்தால் அவற்றுக்குப் பெரும்பாலும் விலை வராது. கிராமபோன் தட்டுகளையும் சேர்த்துக் காக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள். எல்பிகளில் 1980களின் தமிழ்ப் பட்டியல் இருந்தால் விற்க அவசரப்படாதீர்கள். நல்ல மறுபதிப்பு வரும்வரை விலை இறங்காது, வந்தாலும் முதல் பதிப்புக்கென்று ஒரு கூட்டம் இருக்கும். அதுவரை அவற்றை நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். முக்கியமாக, பரணிலிருந்து இன்றே இறக்குங்கள். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் பரண் கத்திரி வெயிலில் எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும். அத்தைக்கு வெந்நீர் தேவைப்பட்டது, பெட்டியின் அடியில் பாரம் தாங்கிக்கொண்டிருக்கும் தட்டுக்கு அதுகூட வேண்டாம்.